கழலை கரைந்த பிறகு

செல்லையா புஷ்பம், பிறப்பு 1971. பெல்மதுளைக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1988 முதல் 2023 வரை கொழுந்து பறித்தவர்.

2009இல் அவர் கழுத்தில் மாங்காய் அளவுக்குக் கழலை இருந்தது. கொழும்பில் கத்தி வைக்காமல் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் அது பாதியாகச் சுருங்கியது, அடுத்த வருடம் வெளியே தெரியவேயில்லை. அயோடின் பட்ட தைராய்டு சுரப்பி நாளடைவில் சோர்ந்துபோகலாம், ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தார்கள். புஷ்பம் இரண்டு முறை போனார். கழலையே கரைந்த பிறகு எதற்கு அலைச்சல் என்று விட்டுவிட்டார்.

அயோடின் கொடுத்த எட்டாம் வருடம் உடம்பு ஊதியது. உச்சி வெயிலிலும் குளிரியது. பதினெட்டுக் கிலோ பறித்த கை பன்னிரண்டில் நின்றது. கங்காணி நடராஜா அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டார்.

"என்ன புஷ்பக்கா, கொழுந்துகிட்ட கத பேசிக்கிட்டா பறிக்கிறீங்க?"

"ஒங்க வாய்க்கு ஒரு கூடை கட்டுங்க கங்காணி, அதாவது நெறையும்."

சுரப்பி ஓய்ந்துவிட்டது என்றது இரத்தச் சோதனை. தைரொக்சின் வில்லையைத் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார்கள். ஒரு நாளும் தவறவில்லை. ஐந்து வருடத்தில் மூன்று முறை அளவைக் கூட்டியும் இரத்தம் சீராகவில்லை.

"பெஹெத் பொன்னே நெத்த?" மருந்து குடிப்பதில்லையா என்று கிளினிக் டாக்டரம்மா சிங்களத்தில் சீறினார்.

"பொனவா மிஸ்! சாமி சத்தியமா!"

நம்பவில்லை.

2023 செப்டம்பர் தொடக்கத்தில், மாத முடிவுக்குள் கொழுந்து நிறை கூடாவிட்டால் பதிவேட்டிலிருந்து பேர் வெட்டப்படும் என்றார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அந்த வாரம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பஸீஹா, "எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"விடிய அஞ்சு மணிக்கு, தேத்தண்ணியோட. தோட்டத்து டிஸ்பென்சரியில பொம்பளைங்களுக்குக் குடுக்கிற இரும்பு வில்லையையும் சேத்து, ஒரே மொடக்கா."

"வெறும் வயித்துலன்னு சொல்லலையா?"

"சோறு திங்காத வயிறுதானுங்களே! தேத்தண்ணி சாப்பாடா?"

பஸீஹா தலையில் கை வைத்தார். "இரும்பு இந்த மருந்த ஒடம்புல சேரவிடாது. தேத்தண்ணியும் தடுக்கும். இத வெறுந்தண்ணியில குடிங்க, அப்புறம் ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தேத்தண்ணி. இரும்பு பகலைக்கு."

"அஞ்சு வருசமா குடிக்கிறியா, குடிக்கிறியான்னுதானே கேட்டாங்க. எப்படிக் குடிக்கிறேன்னு ஒருத்தர் கேட்டாங்களா?"

பலன் தெரிய ஆறு வாரம் ஆகும் என்றார் பஸீஹா. அந்த ஆறு வாரத்தைத்தான் புஷ்பம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கணக்கப்பிள்ளை நாட்காட்டியில் மாதக் கடைசியைக் காட்டினார்.

நவம்பரில் இரத்தத்தில் மருந்து மிஞ்சியிருந்தது; அளவைக் குறைத்தார்கள். கைகளில் பழைய சுறுசுறுப்பு திரும்பியிருந்தது, பெயர் திரும்பவில்லை. புஷ்பம் கடைசியாகத் தராசில் கொழுந்து நிறுத்தது 2023 செப்டம்பர் 30ஆம் திகதி, பதின்மூன்று கிலோ.