வெள்ளம் வராத வீடு

கோம்பையில், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றை நடத்தி, அதில் கிடைத்ததைக் கொண்டு கட்டிய வீடு அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கடையில் வேலை ஓய்ந்த பொழுதுகளில் நூலகத்துப் புத்தகங்களைப் படித்துச் சேர்த்துக்கொண்டதே என் தமிழ். ஒரு சொல்லை அதற்குரிய பொருளில்தான் வழங்க வேண்டும் என்னும் பிடிவாதம் அன்று முதல் எனக்கு உண்டு. அந்தப் பிடிவாதமே என் வீட்டின் விற்பனையைக் கெடுக்கப் பார்த்தது. அதைச் சரிசெய்து தந்தவள் என் மனைவி. ஆகையால் இது அவளுக்கு நான் செலுத்தும் நன்றியும் ஆகும்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் பலமுறை தேனிக்குப் போய்வர வேண்டியதாயிற்று. போகும்போது பேருந்தில் பேசிக்கொண்டு போவாள். திரும்பும்போது என் தோளில் தலையைச் சாய்த்தால், சின்னமனூர் வந்ததும் தெரியாது, உத்தமபாளையம் வந்ததும் தெரியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வழியில் அவளுக்கு மயக்கம் வந்த ஒரு நாளில், வீட்டை விற்றுவிட்டுத் தேனிக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

நல்லூழாக, மருத்துவமனைக்குப் பின்தெருவில் படியேறாமல் நுழையக்கூடிய சிறிய வீடு ஒன்று அமைந்தது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற செவிலியர். மகனோடு வெளியூர் போக இருந்தார். என் மனைவியின் கையிலிருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆனி முடியுற வரைக்கும் நான் யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா அதுக்குள்ள முடிச்சுருங்கய்யா. ஆடி பொறந்துட்டா அட்வான்ஸ் வாங்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது. என் மகன் அதுவரைக்கும் பொறுக்க மாட்டான். இன்னொருத்தவுக கேட்டுக்கிட்டே இருக்காக" என்றார்.

ஆனிக்குள் எங்கள் வீடு விலைபோக வேண்டும். இல்லையேல் அந்த வீடு கைநழுவிப் போகும். நிலைமை அவ்வளவே.

முதலில் வந்தவர் தரகர். எங்கள் ஊர்க்காரர்தான், என்னைப் பெரியப்பா முறை வைத்து அழைப்பவர். வாசலில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எலிவேசன் இல்லாம இப்ப எவன் பெரியப்பா வீடு பாக்கான்? முன்பக்கம் டைல்ஸ ஒட்டுங்க. ஹாலுக்கு சீலிங் போட்டு நீலக்கலர் லைட்ட எரிய விடுங்க. வாறவன் மேல பாத்துக்கிட்டே சரின்னுருவான்" என்றார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த என் மனைவி, "மேல பாத்துக்கிட்டே வந்தா நெலப்படி தட்டி விழுந்துருவாக தம்பி" என்றாள்.

"பெரியம்மா, ஒங்களுக்கு ஏவாரம் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா என்னயக் கட்டிக் குடுக்க மாப்ள வீடு பாக்க வந்தப்ப எங்கய்யா மேல பாக்கல. கெணத்தத்தான் பாத்தாக."

தரகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலை அவள் என்னிடம் ஒரு காரியம் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில், வெளிக்கதவுக்கு எதிரே போடச் சொல்லி அதில் அமர்ந்துகொண்டாள். "நான் வீடு பாக்க வந்திருக்கேன். நீங்க இந்த வீட்டுக்காரர். தெறந்து காட்டுங்க" என்றாள்.

இரும்புக் கதவைச் சற்றே தூக்கி, இடப்பக்கம் தள்ளித் திறந்தேன்.

"ஏன் தூக்குறீக?"

"தூக்கினாத்தான தெறக்கும்?"

"அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். வாறவுகளுக்கு?"

அவ்வாறே ஒவ்வோர் அறையாகச் சுற்றிவந்தோம். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளங்கையால் தட்டினால் மட்டுமே விழும். கூடத்து மின்விசிறிச் சுவிட்சை ஓரமாக அழுத்த வேண்டும். ஊரிலுள்ள மோட்டார்களை எல்லாம் பழுது நீக்கிய நான், என் வீட்டுச் சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டியே காலம் தள்ளியிருந்தேன். இவையெல்லாம் எங்களுக்குப் பழக்கமாகிப் போனவை. புதிதாக வருபவருக்கோ குறைகள். வீட்டைப் பிறத்தியார் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அலங்காரத்தை விட்டோம், பழுதுகளைப் பார்த்தோம். மின் இணைப்பு இன்னும் மனையை விற்றவர் பெயரிலேயே இருந்தது. அதை என் பெயருக்கு மாற்றி, வில்லங்கச் சான்றும் எடுத்து வைத்தேன். சமையலறைச் சுவரில் ஓதம் பூத்திருந்தது. அதன்மேல் வண்ணம் அடித்துவிடலாம் என்றார் தரகர். "ஓதம் எங்கன இருந்து வருதுன்னு பாருங்க" என்றாள் இவள். பார்த்தபோது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. அதை அடைத்துவிட்டு, சுவருக்கு வெளியே புதுக் குழாய் இறக்கினேன்.

என் பங்குக்கு நான் பெருமைப்பட்ட வேலை ஒன்றும் உண்டு. சாரல் பிடித்துக்கொண்டால் மலையிலிருந்து இறங்கும் நீர் எங்கள் பின்முற்றத்தில் தேங்கும். முதலில் வீடு பார்க்க வந்த ஒருவர் அந்தச் சரிவைப் பார்த்து முகம் சுளித்துப் போனார். ஆகவே கிராவல் அடித்து முற்றத்தை உயர்த்தி, ஓரமாக வாய்க்கால் வெட்டி, நீர் நேரே ஓடைக்குப் போகும்படி செய்தேன். அடுத்து வருபவர் கேட்டால் சொல்லுவதற்கு விடையையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அடுத்து வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நெடுநாள் இருந்தவர்கள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே இறங்கிவர எண்ணியவர்கள். கணவர் நம் பக்கத்துக்காரர். அந்த அம்மாள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு நம் தமிழே. இழுவை மட்டும் சற்று வேறு. என் மனைவி அன்று தன் தங்கையோடு தேனிக்குப் போயிருந்தாள். நான் தனியாக வீட்டைக் காட்டினேன். கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. கணவர் சான்றுகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவரைப் பின்முற்றத்துக்கு அழைத்துப்போய் வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் சமையலறையிலிருந்து வெளியே வந்து கேட்டார்:

"ஐயா, இங்கன வெள்ளம் வருமா?"

காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஒரு சொட்டு வராதும்மா."

அவர் முகம் மாறியது. "மழைக்காலத்துல கூடவா?"

"எப்பேர்ப்பட்ட மழை பெய்தாலும் வராது."

"அப்ப கோடையில?"

"கோடையில எப்படிம்மா வரும்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பஞ்சாயத்துல ஒண்ணும் செய்ய மாட்டாகளா?"

"பஞ்சாயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரமுடியாதபடி நானே என் கையால அடைச்சுட்டேன். இனி நீங்க அதைப் பத்தி நினைக்கவே வேண்டாம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கணவர் என் கையைப் பற்றி, "இவ்வளவு வெளிப்படையா யாரும் சொல்ல மாட்டாக. ரொம்ப நன்றிங்கய்யா" என்று கூறி விடைபெற்றார். விற்பனை முடிந்ததென்றே நான் நம்பினேன்.

பின்பு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தரகர் விசாரித்துவந்து தலையைச் சொறிந்தார். "வேண்டாம்ட்டாக பெரியப்பா. ஏன்னு கேட்டா காரணம் சொல்ல மாட்டேங்காக. 'பெரியவர் தங்கமான மனுசன், இருக்கிற குறைய மறைக்காமச் சொல்லிட்டாக'ன்னு மட்டும் சொல்றாக. அப்படி என்னத்தச் சொன்னீக?"

நான் எந்தக் குறையைச் சொன்னேன்? எத்தனை யோசித்தும் விளங்கவில்லை. ஆனி பாதிக்கு மேல் கழிந்திருந்தது. தேனியிலிருந்து செவிலியர் அழைத்தார். மகன் அவசரப்படுத்துவதாகவும், எங்கள் பதிலுக்காகவே தாம் காத்திருப்பதாகவும் கூறினார். அவர் குரலில் கடுமை இல்லை, சங்கடமே இருந்தது. விலையைக் குறைத்தால் வேறு ஆளைக் கூட்டிவருவதாகத் தரகர் சொன்னார். நானும் ஒத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அன்று மாலை தேனியிலிருந்து திரும்பிக் களைத்துப் படுத்திருந்த என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் கண்களைத் திறக்காமலே, "கொறைக்கிறது இருக்கட்டும். வந்தவுக ஏன் போனாகன்னு தெரியாம எத்தனை தரம் கொறைப்பீக? அவுக கேட்டதையும் நீங்க சொன்னதையும் ஒரு வார்த்த விடாமச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வெள்ளம் வருமா என்று அந்த அம்மாள் கேட்டதைச் சொன்னதுமே அவள் கண் திறந்தது. ஒரு சொட்டும் வராது என்றேன், எழுந்து உட்கார்ந்தாள். எல்லாப் பக்கமும் நானே அடைத்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள், ஊசி ஏறிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஏங்க, கேரளா எல்லையில லோயர் கேம்ப்புல வளந்தவளைக் கட்டியும் இது தெரியலையே ஒங்களுக்கு! அவுக கேட்டது தண்ணி! மலையாளத்துல தண்ணிக்கு வெள்ளம்னுதான சொல்வாக! இந்த வீட்டுல தண்ணியே வராதுன்னு சத்தியம் பண்ணி அனுப்பியிருக்கீக!"

அது எனக்குத் தெரியாத சொல்லும் அன்று. குமுளிச் சந்தையில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆயினும் தமிழ் பேசிக்கொண்டு வந்தவர் வாயிலிருந்து வந்ததால், நான் அதைத் தமிழாகவே பிடித்துக்கொண்டேன். வாய்க்கால் வெட்டிய பெருமிதமும் என் காதை அடைத்திருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுத்தே பிழைத்தவன் என் வீட்டில் ஒரு சொட்டும் வராது என்று சொல்லியிருக்கிறேன்.

"தொட்டியில அன்னிக்குத் தண்ணி இருந்துச்சா?" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுக் குழாயை ஒட்டிய பசை பிடிக்கட்டும் என்று அன்று தொட்டியைக் காலியாக வைத்திருந்தேன். அந்த அம்மாள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

தரகரிடம் கைபேசி எண்ணை வாங்கி, அவளே அந்த அம்மாளை அழைத்தாள். பாதி தமிழ், பாதி மலையாளம். "மோளே, வெள்ளம் இஷ்டம்போல உண்டு. எங்க வீட்டுக்காரருதான் தமிழ ரொம்பப் படிச்சிட்டாக" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. மறுமுனையில் எழுந்த சிரிப்பு, கூடத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

மறுநாளே இருவரும் வந்தார்கள். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஆழ்குழாய் மோட்டாரைப் போட்டேன், தொட்டி நிறைந்தது. அந்த அம்மாள் சமையலறைக் குழாயைத் திறந்து, இரு கைகளையும் ஏந்திப் பிடித்துக் குடித்தார். "நல்ல வெள்ளம்" என்றார். அளந்து அளந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று குடிக்க வேண்டியவளான என் மனைவி, அவர் குடிப்பதை நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏக்கம் தென்படவில்லை. விருந்தாளி வயிறு நிறைய உண்பதைப் பார்க்கும் முகமாகவே இருந்தது.

பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, குறும்பாக, "ஐயா, மழை வெள்ளம் வருமா?" என்று கேட்டார்.

"பெரியப்பா, நீங்க பேசாதீக. நான் சொல்லிக்கிறேன்" என்று தரகர் முந்திக்கொண்டார்.

ஆனி முடியுமுன் முன்பணம் கைமாறியது. அதே நாளில் தேனி வீட்டுக்கும் கொடுத்தோம். செவிலியர் தம் சொல்லைக் கடைசி நாள் வரை காத்தார். அவருக்கும், என்னை நல்லவன் என்று நம்பியே விலகிப்போன அந்தத் தம்பதியருக்கும், நீலவிளக்கு போடவில்லை என்று இன்றுவரை வருந்தும் எங்கள் தரகருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கோம்பை வீட்டுக்கும்தான். எங்கள் கையில் இருந்த கடைசிச் சில வாரங்களில் அதன் கதவைத் தூக்காமலே திறந்தோம். அந்தச் சுகம் எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

ஆவணியில் குடிவந்தோம். இப்போது மருத்துவமனைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போகிறாள். வழியில் பூக்காரியோடு பேச நின்றாலும் நேரம் மிஞ்சுகிறது. திரும்பி வந்தால் பேருந்தில் ஆடாமல் அப்படியே படுத்துக்கொள்ளலாம்.

குடிவந்த அன்று நான் வாசலில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் ஓங்கி வந்தது.

"ஏங்க! ஓடி வாங்க! வெள்ளம் வருது!"

கட்டிலின் காலைத் தோளில் சுமந்தபடியே, அவசரப்படாமல் உள்ளே போனேன். குழாயடியில் இரு கைகளையும் நனைய விட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.