மிஞ்சி போட்டுப் பார்த்த கதை

என் நகைச்சுவையால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. சொல்லி முடித்ததும் தங்கையின் நினைவு வரும். சோடாவைக் குடித்துச் சமாளித்துக்கொள்வேன்.

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிது. நான் அங்கே வாத்தியார். தங்கைக்குப் பதினாறு வயது. அவள் புருஷன் வாந்திபேதியில் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலை, பின்கட்டு; அவ்வளவுதான் அவள் உலகம். வாரம் ஒருமுறை மிஷனைச் சேர்ந்த வேதக்கார அம்மாள் ஒருத்தி வந்து தையல் சொல்லிக்கொடுத்தாள். கூடவே எழுத்தும் சொல்லிக்கொடுத்தது அப்பாவுக்குத் தெரியாது.

அந்த அம்மாள் ஒரு கதைப் புத்தகம் கொடுத்தாள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி, தன் தேசத்துக் கதையை நம் ஊரில் நடப்பதாக மாற்றி எழுதியது. சிற்றன்னையிடம் அல்லல்படும் பெண் அரண்மனையில் செருப்பைத் தவறவிடுகிறாள்; அதை வைத்து ராஜா அவளைத் தேடுகிறான். நம் வீட்டுப் பெண்களுக்குச் செருப்பு ஏது? துரைசானி அதைக் கால்மிஞ்சியாக்கிவிட்டாள். ராஜாவின் சேவகன் வீடு வீடாகப் போய்க் கன்னிப்பெண்களின் கால்விரலில் மிஞ்சி போட்டுப் பார்க்கிறான்!

கல்யாணத்தில் மாப்பிள்ளை போடுவதல்லவா மிஞ்சி! "தாலுகா முழுக்க ராசாவுக்குப் பொண்டாட்டி ஆயிட்டாளுவ" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

தங்கை சிரிக்கவில்லை. "அந்த ராசா செத்துட்டா, போட்டுப் பாத்த அத்தன பிள்ளைகளும் என்னைய மாதிரியா அண்ணாச்சி?"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பள்ளிக்கூடத்துல என்னைய மாதிரி உள்ளவளுக்கு வாத்திச்சி வேலைக்குப் படிச்சுக் குடுக்காவளாம். நான் போணும். அப்பாட்ட நீங்கதான் பைய சொல்லணும்."

"சமயம் பாத்துச் சொல்லுதேன்."

மறுநாள் ஆற்றங்கரை மண்டபத்தில் நண்பர்கள் கூடியிருந்தார்கள். கதையைச் சொன்னேன். என் வேடிக்கைக்குச் சிரித்தார்கள். ராஜா செத்தால் என்ற கேள்விக்குச் சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

"உமக்கு இப்படியெல்லாம் தோணாதே வே! யார் சொன்னது?" என்றார் ஒருவர்.

"வீட்டுல தங்கச்சி வாசிச்சுட்டுச் சொன்னா" என்றேன் பெருமையாக. பிறர் சரக்கைப் பிறர் பெயரிலேயே நான் விற்ற ஒரே சந்தர்ப்பம் அது.

இருட்டுவதற்குள் அப்பாவின் காதுக்கு எட்டிவிட்டது.

"மிஷன்காரி கதையப் படிச்சுட்டு நம்ம வீட்டுப் பிள்ள சொன்னதுக்கு ஊரே சிரிக்குதாமே? இனி அந்த அம்மா வாசப்படி மிதிக்கப்பிடாது. எழுத்தும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

அடுத்த வாரம் வந்த அம்மாளை வாசலிலேயே நிறுத்தி, புத்தகத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். தங்கை பாதிதான் படித்திருந்தாள். பாளையங்கோட்டைப் பேச்சை எடுக்க அதற்குப் பிறகு எனக்குச் சமயமே வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் எடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

பின்கட்டுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மண்டபத்துல நல்லாச் சிரிச்சாவளா அண்ணாச்சி?"

"சிரிச்சாவ."

"அப்பச் சரி."

தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.