படியில் காய்ந்த குண்டுகள்

மோர்டனில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது மாணிக்கம் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழுதாள். மேற்கொண்டு கேட்கப் பயந்து வாசலிலேயே நின்றேன். இங்கே கூடியிருக்கும் நீங்கள் அவரைக் கிங்ஸ்பரிக் கோயில் நிர்வாகியாக அறிவீர்கள். நான் அறிந்தவர் ஈயக் குண்டு வார்ப்பவர்.

எண்பதுகளின் கடைசியில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அவர் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே மேலறைக்கு ஓடிவிடுவேன். அண்ணை மலேசியாவிலிருந்து படிக்க வந்து எஞ்சினியராகத் தங்கியவர். ஞாயிறுகளில் லைசென்ஸோடு துப்பாக்கி கிளப்புக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுவார். அதற்கான குண்டுகளைத் தோட்டத்து ஷெட்டில் தாமே வார்ப்பார். அச்சுகள் இரண்டு. ஒன்று இறுகும்போது மற்றதில் ஊற்றுவார், கை சும்மா இருக்காது. ஒருநாள் நனைந்த குடையோடு நுழையப் போனேன். “அங்கேயே நில்லு” என்று கத்தினார். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முகத்தில் தெறிக்குமாம். பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

குடிவரவு விசாரணைக்கு என்னை அழைத்திருந்த வாரம், காலையில் கீழேயிருந்து அவர் குரல் வந்தது: “தம்பி, படியில குண்டு வெச்சிருக்கேன், மிதிச்சிடாதே.”

போர் நடந்த எங்கள் ஊரில் துப்பாக்கியிலிருந்து வருவது சன்னம். குண்டு என்றால் விமானம் போடுவது, வீதியில் புதைப்பது. படியின் உச்சியில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றேன், கால்கள் உதறின. அவர் ஏறி வரவும், “வேண்டாம் அண்ணை, ஏறாதேங்கோ” என்று அழுதேன். ஹீட்டருக்குப் பக்கத்துப் படியில், மெழுகு பூசிய ஈயக் குண்டுகள் ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் சிரிக்கவில்லை. தட்டை அகற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விசாரணையில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். என் அண்ணனுக்கு வெடி விழுந்தது என்று சொல்வேன் என்றேன்; எங்கள் பேச்சில் அது சூடு பட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

“வெடின்னா நாங்க தீபாவளிப் பட்டாசுன்னு நெனைப்போம். மொழிபெயர்க்கிறவர் தமிழ்நாட்டுக்காரரா இருந்தா உன் கேஸ் போச்சு. யார் சுட்டாங்க, அண்ணன் என்ன ஆனார், முழுசா சொல்லு.”

அதுவரை நான் யாரிடமும் அதற்குமேல் சொன்னதில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அவர் காத்திருந்தார்.

“ஆமிக்காரர் என்ரை அண்ணையைத் துவக்காலை சுட்டவங்கள். அவர் செத்துப்போனார்.”

துவக்கு வேண்டாம், துப்பாக்கி என்று சொல் என்றார். விசாரணையில் அதையே சொன்னேன். இங்கே இருக்க விட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, எவ்வளவு பயந்தாலும் முழுதாகச் சொல்லிவிடும் பழக்கம். அதனால் சொல்கிறேன்: மாணிக்கம் அண்ணை செத்துப்போனார். இனி நான் உதறிக்கொண்டு நின்றால், ஏறி வந்து பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.