மலைமேல் எழுநூற்று அறுபது

போடிக்கு மேல மலையில ஒரு ஏலக்காய் எண்ணெய்க் கம்பெனியில வேலை பார்த்தேன். கெமிஸ்ட்ரி படிச்சு முடிச்ச கையோட கிடைச்ச முதல் வேலை. காலையில பழனிசெட்டிபட்டியில பஸ் ஏறி, போடியில இறங்கி, ஜீப்புல இடிபட்டுக்கிட்டே மேல போவேன். இறங்கினதும் ஏலக்காய் வாசமும் விறகுப் புகையும் சேர்ந்து வரும் பாருங்க, அடடா, அதுக்காகவே இன்னொரு தடவை அந்த வேலைக்குப் போகலாம்.

என் பெருமையெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் தண்ணியோட ஆவி அழுத்தம், எண்ணெயோட ஆவி அழுத்தம் ரெண்டையும் போட்டுக் கூட்டும். கூட்டுனது காத்தோட அழுத்தத்தைத் தொட்டா, ஏலக்காயும் தண்ணியும் போட்ட கொப்பரை கொதிச்சு, எண்ணெய் நீராவியோட ஏறி வரும். காத்தழுத்தக் கட்டத்துல 760 மில்லிமீட்டர்னு போட்டிருந்தேன். விடை தொண்ணூத்தெட்டு டிகிரி. முதலாளி அதைப் பெருசா பிரிண்ட் எடுத்துக் கொப்பரைக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டாக.

கொப்பரைக்கு அடுப்பெரிச்சது ஒரு அக்கா. எவ்வளவு விறகு தள்ளினாலும் தெர்மாமீட்டர் தொண்ணூத்துநாலைத் தாண்டல. முதலாளி ஒரு வாரம் பார்த்தாக. "விறகைத் திருடி விக்கிறியா? சனிக்கிழமையோட நின்னுக்க"ன்னுட்டாக. அக்கா திரும்பி அடுப்புல இன்னொரு கட்டையைத் தள்ளுச்சு. மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து தூக்குவாளியைத் திறந்தப்பதான் சொல்லுச்சு: "இங்கன பருப்பு வேகவே அரை நாளாகுது ஆத்தா. கீழ மாதிரியா? நான் என்ன செய்ய?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. 760 கடல்மட்டத்துக் கணக்கு! உசரம் ஏற ஏறக் காத்தழுத்தம் குறையும், கம்மிச் சூட்டுலயே கொதிச்சிரும். தெனம் ஏறி இறங்குற எங்களுக்கு மலையும் போடியும் ஒரே ஊரு, உசரத்தை யாரு நினைச்சா? ஓடிப்போயி எங்க உசரத்துக்கு 645ன்னு மாத்தினேன். விடை தொண்ணூத்துநாலு.

தப்பு என்னோடதுன்னு சொல்லத்தான் முதலாளிகிட்ட போனேன். அவுக மூஞ்சியைப் பார்த்ததும் நாக்கு புரண்டுருச்சு. "கம்ப்யூட்டர்ல வைரஸ் சார், அதான் தொண்ணூத்தெட்டுன்னு காட்டிருச்சு. சரி பண்ணிட்டேன்." நம்பிட்டாக. அக்கா வேலை தப்பிச்சுச்சு. திருடின்னு சொன்னதைப் பத்தி மட்டும் யாரும் பேசல, நானுந்தான்.

ரெண்டு வருசம் கழிச்சு நான் வேலையை விட்ட அன்னைக்கு, அக்கா ஒரு ஏலக்காய்ப் பொட்டலத்தை என் கையில திணிச்சுச்சு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே, "கடையில வாங்கினது ஆத்தா. பில்லு உள்ள வச்சிருக்கேன்"னுச்சு.

பொட்டலத்தை வாங்கிக்கிட்டு ஜீப்புல ஏறிட்டேன். ஏலக்காய் டீயில போட்டுத் தீர்ந்துபோச்சு. பில்லை இன்னும் வச்சிருக்கேன்.