பொதுத் தரையும் பிளாஸ்டிக் விரிப்பும்

முதல் தடவை எனக்கு ஷாக் அடித்தது காபி டம்ளரில். கார் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் எவர்சில்வர் டம்ளரை நீட்டினேன். அவர் விரல் படவும் ‘டப்’பென்று ஒரு பொறி. காபி பாதி கீழே போயிற்று.

“இந்த வயசுலயும் நமக்குள்ள கரண்டு ஓடுது பாத்தியா!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காலடியில், வார்னிஷில் கலக்கும் தின்னர் டின் திறந்தபடி இருந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய நாற்காலிகளைச் சுரண்டி வார்னிஷ் அடிப்பதுதான் அவருக்குப் பொழுது. காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஷெட்டைப் பட்டறை ஆக்கிக்கொண்டார். காரைக்குடியில் எங்கள் வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது. ஷெட்டுத் தரையில் கிடப்பதும் ஆத்தங்குடிப் பூக்கல்தான். போன வருஷம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, அதில் ஒரு சொட்டு வார்னிஷ் கறையைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து வந்த அவருடைய அண்ணன், “பொதுத் தரைப்பா, பாத்து” என்றார். அவ்வளவுதான். மறுவாரமே இவர் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சதுரங்களை வாங்கிவந்து தரை முழுக்க மூடிவிட்டார். உள்ளே சாமி படம் மாட்டியிருப்பதால் செருப்பு கூடாது. பித்தவெடிப்புக்கு நைலான் சாக்ஸ்!

பள்ளத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் என் தம்பியிடம் போனில் சொன்னேன். அவன் பதறிவிட்டான். “அக்கா, வெளையாட்டு இல்ல. பிளாஸ்டிக்ல அந்தச் சாக்ஸோட நடந்தா உடம்புல மின்சாரம் சேரும். இரும்பத் தொட்டா பொறியா எறங்கும். தின்னர் ஆவிக்கு அந்தப் பொறி போதும். மொதல்ல அத எடுக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். “எடுத்துட்டுக் கறை பட்டா அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்பார். கடைசியில், தின்னரைத் தொடுமுன் உடம்பு மின்சாரம் இறங்கட்டுமென்று சன்னல் கம்பியைத் தொடுவதாக மட்டும் ஒப்புக்கொண்டார். அதையும் கேலியாகத்தான் செய்வார். “தொட்டாச்சு, கும்பிட்டாச்சு, போதுமா?”

எனக்குப் போதவில்லை. பங்குனி வெயிலில் காற்று காய்ந்து கிடந்தது. சேலை உடம்போடு ஒட்டினாலே நெஞ்சு திக்கென்றது. ஷெட் வாசற்படியருகே ஈரச் சாக்கு ஒன்றை எப்போதும் போட்டுவைத்தேன். அடுப்படியில் நின்றாலும் காது ஷெட்டில்தான் இருக்கும். டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் கரண்டி அப்படியே நின்றுவிடும். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு!

ஒருநாள் காலை அவருடைய அண்ணன் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, பேசும்போது எப்போதும் செய்வதுபோல அங்குட்டும் இங்குட்டும் நடந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் போனை மேசைமேல் வைத்துவிட்டு டின்னை எடுக்கப் போயிருக்கிறார். கம்பி மறந்துவிட்டது.

‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். ஓடினேன். டின் வாயிலும் கீழே சிந்தியதிலும் நீலமும் மஞ்சளுமாகத் தீ. சாக்கைத் தூக்கி அதன்மேல் போட்டு அமுக்கினேன். அணைந்துவிட்டது. அவருடைய ஒரு புருவத்தைக் காணோம். வலது கை சிவந்து தோல் சுருங்கியிருந்தது.

அவர் குனிந்து, உருகிய பிளாஸ்டிக்கை இடது கையால் நெம்பினார். “தரை கருகிருச்சான்னு பாரு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “தரை இருக்கு. நீங்க இருக்கீகளான்னு பாருங்க மொதல்ல!”

“என்னப்பா சத்தம்? என்ன ஆச்சு?” என்றது போன்.

அவர் முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்லண்ணே. தரையில லேசாக் கறை…”

போனைப் பிடுங்கினேன். அதுவரை அவர் அண்ணனிடம் நேருக்கு நேர் நான் பேசியதில்லை. “உங்க தம்பி கை வெந்துபோச்சு. மூஞ்சி தப்பிச்சதே பெருசு. உங்களுக்குப் பயந்துக்கிட்டு அவுக தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. நீங்களாவது சொல்லுங்க.”

“எனக்கா பயந்தே, தம்பி?” என்றார் அண்ணன். “தரையா எனக்குத் தம்பி? நீதானப்பா!”

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் வெந்த கையை என்னிடம் நீட்டினார்.