முதல் சுற்றில் உடைந்த குடம்

சங்கராபுரத்துப் பக்கம் லாரிக்குக் கரும்பு ஏற்றும்போதுதான் அது நடந்தது. தலையில் கரும்புக் கட்டோடு பலகையில் ஏறித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம்.

கள்ளக்குறிச்சியில் டாக்டர், "எலும்பு நல்லா இருக்குது, உள்ள ஜவ்வுதான் கிழிஞ்சிருக்குது. நேரா நடந்தா ஒண்ணும் தெரியாது. திரும்பினா முட்டி நழுவும், ஜாக்கிரதை" என்றார். வீக்கம் வடிந்ததும் எனக்கே அது மறந்துபோனது. ஊருக்கு எப்படித் தெரியும்? நான் நொண்டவே இல்லையே.

அடுத்த மாதம் அப்பா செத்துப்போனார். சுடுகாடு வரை கொள்ளிச்சட்டியோடு நேராகத்தான் நடந்தேன். பிறகு தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்து, சிதையைச் சுற்றி வரச் சொன்னார்கள். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் குடம் உடைய வேண்டும். முதல் சுற்றிலேயே, அப்பாவின் தலைமாட்டில் திரும்பும்போது, தொடை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக முட்டி நழுவியது. வலியே இல்லை. குடம் மட்டும் விழுந்து உடைந்தது.

பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அப்பனுக்குக் கொள்ளி வெக்கிற அன்னிக்குமா குடிச்சிட்டு வருவான்?"

நான் சாராயத்தைத் தொட்டதே இல்லை. அதற்காக முட்டியைப் பிளந்தா காட்ட முடியும்? சுடுகாட்டுக்கே வராத அம்மாவும் பெரியப்பா சொன்னதைத்தான் நம்பினாள், சாகும்வரை.