கோழிக்குப் போன கம்பு

அரைவை மிஷினின் வாயிலிருந்து விழும் கம்பு நொய் சூடாக இருக்கும். உள்ளங்கையை நீட்டினால், வெயிலில் கிடந்த மணலைச் சலித்துக் கொட்டுகிற மாதிரி கதகதவென்று வந்து நிறையும். கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் வறுத்த வாடையுமாக மூக்கில் ஏறும். யாரும் பார்க்காதபோது ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். அதற்கப்புறம் அதே மிஷினில் காய்ந்த மீனைக் கொட்டுவார்கள். அதுவரைக்கும் மனிதர் சாப்பிடுகிற பொருளாக இருந்தது, அதோடு கோழிச் சாப்பாடாகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நடந்த சண்டையும் சமாதானமும் இந்த இரண்டு வாசனைகளுக்கு நடுவில்தான் நடந்தன.

ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் போகிற சத்தம் கேட்கிற தூரத்தில், நிலத்துக்கு நடுவிலேயே எங்கள் வீடு. மணல் கலந்த மண். மழையை நம்பிக் கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை. ஏரி நிரம்பினால் கொஞ்சம் நெல். ஆந்திரா எட்டிப் பார்க்கிற தூரம் என்பதால் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ரோடு போடவும் மேடு வெட்டவும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏரியோ தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் போய் ஹார்பரில் மூட்டை தூக்கியாவது பிழைத்துக்கொள்கிறேன் என்று நைனா சொல்ல ஆரம்பித்தார். சொன்னதோடு நிற்காமல் ஒரு தகரப்பெட்டியும் வாங்கிவந்து சுவரோரம் வைத்துவிட்டார். அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மாவின் முகம் இறுகிப்போகும்.

"ரோடு போடற ஆளுங்க தின்னுதானே ஆவணும்? நாம முட்டை போடலாம்" என்றாள் அம்மா ஒருநாள்.

"யாரு, நீயா?" என்றாள் அத்தை.

அத்தை நைனாவின் அக்கா. வாழ்ந்த ஊரில் யாரும் இல்லாமல் போனபின் எங்களோடு வந்து சேர்ந்தவள். அவள் பேசுவதை நான் சின்ன வயதிலேயே மனசுக்குள் சேர்த்துவைக்க ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எவ்வளவோ மறந்துவிட்டது. அத்தை சொன்னது ஒன்றும் மறக்கவில்லை.

பனையோலை வேய்ந்த கொட்டகையில் வெள்ளைக் கோழிகள் வந்து இறங்கின. நாட்டுக்கோழி மாதிரி குப்பையைக் கிளறிப் பிழைத்துக்கொள்கிற சாதி இல்லை. வேளாவேளைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். மெட்ராஸிலிருந்து மூட்டையில் வந்த தீவனம் கட்டுப்படியாகவில்லை. அம்மா தானியக் குதிரைத் திறந்து பார்த்தாள். உள்ளே அந்த வருஷத்துக் கம்பு இருந்தது. ஏரி காய்ந்து நெல் இல்லாமல் போன வருஷத்தில் வீட்டுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"இந்தக் கம்பு கோழிக்கு. நமக்கு ரேஷன் அரிசி" என்றாள்.

அத்தை குடித்துக்கொண்டிருந்த கூழைக் கீழே வைத்தாள். காலையில் நாஷ்டா கேட்க மாட்டாள், டீ கேட்க மாட்டாள். மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழும் ஒரு வெங்காயமும் இருந்தால் அவளுக்கு உலகத்தில் வேறு குறை இல்லை.

"கோழிக்குப் போட்டாதான் பிரயோசனமா? எனுக்குப் போட்டா நான் சும்மாவா குந்திக்கினு கீறேன்? மாடு மேய்க்கறேன், விறகு பொறுக்கறேன்."

"நீ போடற முட்டைய எந்தக் கடைக்காரன் வாங்குவான் அண்ணி?"

நைனா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள். "சரி, என் கூழ நான் உட்டுக் குடுத்துட்டேன். நீ இன்னாத்த உட்டுக் குடுக்கப்போற? அந்தப் பொட்டியத் தூக்கப்படாது, ஆமா."

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன்க்கா" என்றார் நைனா. "அதுக்குள்ள கோழி சோறு போடலன்னா, கோழிய வித்துட்டு நான் கெளம்பிடுவேன்."

ஆரம்பாக்கத்து மாவு மிஷின்காரர் எங்களைச் சேர்க்கவில்லை. கம்பு அரைப்பார், புண்ணாக்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்துவிடுவார். மீன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நாளைக்குக் கேழ்வரகு மாவுக்கு வர்றவங்க என்ன ஒதைப்பாங்கப்பா." அதனால் நைனா எங்கோ மூடிக்கிடந்த கடையிலிருந்து ஒரு பழைய மிஷினைக் கொண்டுவந்து கிணற்றோரம், ஆயில் இன்ஜினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இன்ஜின் ஒன்று, வேலை இரண்டு. பெல்ட்டைப் பம்புக்கு மாட்டினால் தண்ணீர் வரும்; கழற்றி மிஷினுக்கு மாட்டினால் கம்பு அரைபடும்.

மாவாக அரைக்கக் கூடாது, கோழியின் அலகில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். முழுசாகவும் விடக் கூடாது. கல்லைக் கொஞ்சம் தளர்த்திவைத்து ஒன்றிரண்டாக உடைப்பார் நைனா. முதலில் கம்பு, அப்புறம் கேழ்வரகு, அதற்கப்புறம் வேர்க்கடலைப் புண்ணாக்கு, கடைசியாகத் தவிட்டோடு கலந்த மீன். தவிடு சேர்க்காவிட்டால் மீன் கல்லில் அப்பிக்கொள்ளும். எல்லாவற்றையும் சாணி மெழுகிய களத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து, ரோடு வேலைக்காரர்கள் ஜல்லியும் சிமெண்டும் கலக்கிற மாதிரி, நைனா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாக மம்மட்டியால் இந்தக் குவியலை அந்தக் குவியலாகப் புரட்டுவார்கள். நான் கிளிஞ்சலைக் கல்லில் நுணுக்கித் தூவுவேன். அது இல்லாவிட்டால் முட்டை ஓடு தோல் மாதிரி மெத்தென்று ஆகிவிடும். கலந்து முடிந்ததும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பதும் என் வேலைதான். எந்தப் பக்கத்துப் பிடியிலும் கிளிஞ்சலின் வெள்ளை ஒரே மாதிரி தெரிந்தால் "ஆச்சு" என்பேன். நான் சொல்கிறவரைக்கும் அவர்கள் மம்மட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். அத்தை தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டே, "கோழிக்கு விருந்து சமைக்கறீங்க. தாம்பூலம் யாரு குடுக்கறது?" என்பாள்.

மீனும் கிளிஞ்சலும் கொண்டுவந்தவள் நாகம்மா. பழவேற்காட்டு ஏரியோரத்துக் குப்பத்திலிருந்து, விற்காமல் நின்றுபோன பொடிமீனை உப்புப் போடாமல் மணலில் காயவைத்துக் கூடையில் சுமந்து வருவாள். சுமையை இறக்கியதும், "யக்கா, கழுத்து உள்ள போயிடுச்சு, தண்ணி குடு" என்பாள். அம்மாவுக்கு அவளோடு பேசுவதில்தான் களைப்பு தீரும்.

கோழிகள் கொண்டை சிவந்து, முட்டை போட ஆரம்பித்தன. கூடையில் வைக்கோல் பரப்பி, ரோட்டோரத்து டீக்கடைக்கு நைனா சைக்கிளில் கொண்டுபோனார். அம்மா அந்த நாட்களில் வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுப்பாள், பாட்டு மாதிரி. அத்தை மட்டும் ரேஷன் அரிசிக் கஞ்சியை மருந்து மாதிரி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் டீக்கடைக்காரரே வந்தார். கொடுத்த முட்டை கூடையோடு அப்படியே இருந்தது.

"யக்கா, கோச்சுக்காத. ஆம்லெட்டு ஊத்தினா கருவாட்டுக் கொழம்பு வாசனை வருது. நேத்து ஒருத்தன், 'இன்னாய்யா, உன் கோழி நீஞ்சுமா'ன்றான். கடையே சிரிக்குது."

அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் முட்டைதான். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை.

மறுநாளிலிருந்து அம்மா மீனை நிறுத்திவிட்டாள். கம்பும் கேழ்வரகும் புண்ணாக்கும் மட்டும். முட்டை குறைந்தது, அதுகூடப் பரவாயில்லை. கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. முதலில் இறகைப் பிடுங்கின, அப்புறம் ரத்தம் பார்த்தன. ரத்தம் தெரிந்த கோழியை மற்றதெல்லாம் துரத்தித் துரத்திக் கொத்தும். அம்மா கொட்டகைக்குள்ளேயே கிடந்து, காயம்பட்டதைப் பிரித்துப் பிரித்துக் கூடைபோட்டு மூடினாள். வெள்ளைக் கோழிமேல் ரத்தம் எவ்வளவு சிவப்பாகத் தெரியும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். "கவுச்சி பழகினதுங்க. நீ குடுக்கலன்னா அதுங்களே எடுத்துக்குதுங்க" என்றாள் அத்தை. கிண்டலாகச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் நைனா கோழி வியாபாரி ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வந்து எல்லாவற்றையும் கறிக்குப் பிடித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. தகரப்பெட்டியைத் திறந்து, துணி வைக்கத் தூசு தட்டினார். அம்மா பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அன்று மத்தியானம்தான் நாகம்மா கூடையோடு வந்தாள். இனி மீன் வேண்டாம் என்று அம்மா சொன்னதும் கூடையை இறக்காமலே நின்றாள். அவள் வீட்டுக்காரர் கால் வீங்கிக் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார். இந்தப் பொடிமீன்தான் அவர்களுக்கு அடுப்பு. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்: ஆம்லெட், டீக்கடைச் சிரிப்பு, ரத்தம், நாளைக்கு வரப்போகிற வியாபாரி. நாகம்மா கூடையை இறக்கிவைத்துக் குந்தினாள்.

"அப்பிடி இன்னாதான் வாசனை? ஒண்ணு குடு, பாக்கறேன்."

மீன் போட்ட நாளில் இட்ட முட்டை கொஞ்சம் மீதி இருந்தது. அம்மா ஒன்றை அவித்துக் கொடுத்தாள். நாகம்மா உரித்து, உப்புக்கூடத் தொட்டுக்கொள்ளாமல், நிதானமாகத் தின்று முடித்தாள். நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா வாசனை வருது?" என்றாள் அம்மா.

"முட்டை வாசனை வருது. வேற இன்னா வரணும்?"

அம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. முடிகிறபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டுத் தலகாணியே மீனு வாசனை வரும்க்கா" என்றாள் நாகம்மா. "குப்பத்துல புள்ளைங்க காய்ச்சல் வந்தாதான் முட்டைய கண்ணால பாக்குதுங்க. எனுக்குக் குடு, நான் வித்துக் குடுக்கறேன். எல்லார்கிட்டயும் டப்பு இருக்காது, மீனா குடுப்பாங்க. நல்ல மீனா வாங்கியாரேன். அந்த டீக்கடைக்காரன் மீனு வாங்குவானா, மாட்டானா?"

நைனா சாயங்காலம் வந்ததும் அம்மா சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "நான் அந்த ஆளுக்கு வாக்கு குடுத்துட்டேனே."

விடிந்ததும் வியாபாரி வந்துவிட்டார், சைக்கிளின் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டிக்கொண்டு. கொடுத்த வாக்கை மாற்றிப் பேச நைனாவுக்கு வராது. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா, நைனாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியாபாரி கொட்டகைக் கதவில் கைவைத்தபோது, உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தாள். எப்போது போய் உட்கார்ந்தாளோ, தலையில் கோழியிறகு ஒட்டியிருந்தது.

"உனுக்கு வாக்கு குடுத்தது யாரு?"

"உன் தம்பி."

"கோழிக்குக் கம்பு குடுத்தது நான். என்னைக் கேட்டியா?"

"இன்னாம்மா சொல்ற?"

"நான் குடிக்கற கூழத்தான் இதுங்க தின்னுதுங்க. நான் ரேஷன் கஞ்சிய மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சிக்கினு கீறேன். இதுங்க ஒவ்வொண்ணு வயித்துலயும் என் காலைச் சாப்பாடு இருக்குது. நீ பாட்டுக்குத் தூக்கிக்கினு போயிடுவியா?"

வியாபாரி நைனாவைப் பார்த்தார். நைனா அக்காவைக் காட்டி, நான் என்ன செய்ய என்பதுபோலக் கையை விரித்தார். அவர் அவ்வளவு நிம்மதியாகக் கையை விரித்து நான் பார்த்ததில்லை. "பேஜாரு புடிச்ச ஊடுப்பா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் சைக்கிளைத் திருப்பினார். போகிறவரைக் கூப்பிட்டு அம்மா மோர் கொடுத்து அனுப்பினாள்.

மீன் மறுபடி மிஷினுக்குள் போனது, முன்பைவிடக் குறைவாக. சில நாளில் கொத்துவது நின்று இறகு முளைத்தது. முட்டை குப்பத்துக்குப் போனது. குப்பத்திலிருந்து வந்த மீனை, முட்டையைத் திருப்பிக் கொடுத்த அதே கடைக்காரர் வாங்கிக் குழம்பு வைத்தார். பொங்கல் வந்தது, போனது. தகரப்பெட்டியில் அம்மா சேலைகளை அடுக்கிவிட்டாள். அதற்கப்புறம் எப்போது அரைத்தாலும், இன்ஜினை ஓட்டி மிஷினில் முதலில் விழுகிற கம்பை ஒரு படி அம்மா தனியாகப் பிடித்துக்கொண்டு போய் அத்தை முன்னால் வைப்பாள்.

சில வருஷம் கழித்து எங்கள் நிலத்தையும் கம்பெனிக்கு எடுத்து எல்லைக் கல் நட்டார்கள். கோழிகளை விற்றோம், அந்தத் தடவை அத்தை கதவில் நிற்கவில்லை. மிச்சமிருந்த தீவனத்தை அம்மா களத்தில் கொட்டிவிட்டாள், காக்கை குருவி தின்னட்டும் என்று. நாங்கள் வீட்டைக் காலிசெய்வதற்குள் மழை வந்துவிட்டது. மிஷின் கல்லில் மாட்டாமல் தப்பித்த கம்பு மணிகள் களத்தின் விரிசலில் முளைத்து, யாரும் கவனிக்காமலே கதிர் தள்ளிவிட்டன. சாமான்களை வண்டியில் ஏற்றுகிற அன்றைக்கு அத்தையைக் காணோம் என்று தேடினேன். களத்தில் குந்தி, பச்சைக் கதிரை உள்ளங்கையில் கசக்கி, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி பாக்கற, இது கோழியோட பங்கு இல்ல" என்று எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.

நைனா அந்த இடத்தில் எழும்பிய கம்பெனிச் சுவருக்கு உள்ளேயே வேலைக்குப் போய், அங்கிருந்தே ஓய்வும் பெற்றார். இன்றைக்கு அவர்களில் யாரும் இல்லை. நான் வேப்பம்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். களம் இருந்த இடம் எது, கிணறு இருந்த இடம் எது என்று பிடிபடவில்லை. லாரிகள் வரிசையாக நின்றன, கீழே முழுக்கச் சிமெண்டு. வாசலில் நின்ற காவல்காரப் பையன், வடக்கிலிருந்து வந்தவன், அரைகுறைத் தமிழில், "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டான். சொல்வதற்கு ஒரு பெயரும் இல்லை. "யாரையும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் உள்ளே போய் எனக்கு உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.